எந்தப் போன் வரைக்கும்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரைக்கும் நடந்து வருகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. மூட்டு ஆபரேஷன் என்றதும் நான் ரொம்பப் பயந்திருந்தேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி ஓடி நாலு மாசம் ஆகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறக்கட்டளையில் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இனி ஆன்லைனில் வாங்கப்போகிறீர்கள். வெப்சைட் செய்துதரும் பையன்கள் இப்போதிருக்கும் சைட்டின் ரிப்போர்ட்டைக் காட்டி, "பழைய போனில் வருகிறவர்கள் ரொம்பக் குறைவு மேடம், விட்டுவிடலாம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒத்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

போன வருஷம் இங்கே ஒரு இலவச மருத்துவ முகாமுக்கு டோக்கன் போடும் சைட்டை நான்தான் செய்துகொடுத்தேன். பெயர், வயசு, ஊர், போன் நம்பர், எந்தத் தேதி, அவ்வளவுதான். என் போனில் பார்த்தேன், என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் போனில் பார்த்தேன், பளிச்சென்று வந்தது. ரிப்போர்ட்டிலும் வந்தவர்கள் எல்லோரும் புது குரோம் பிரவுசர். முகாம் அன்றைக்குக் காலையில் நானும் போயிருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேத்தியோடு வந்து, டோக்கன் இல்லாமல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "மூணு நாளா போட்டுப் பாக்கேம்மா, வெள்ளையாத்தான் வருது" என்று போனை என் கையில் கொடுத்தார்.

ஓரம் விரிசல் விட்ட ஸ்கிரீன், பின்னால் ரப்பர் பேண்ட். மேலே "ஸ்டோரேஜ் ஃபுல்" என்ற அறிவிப்பு. பேத்தியின் சின்ன வயசு வீடியோக்கள் நிறைந்திருந்தன, ஒன்றையும் அழிக்க அவருக்கு மனசில்லை. இடம் இல்லாததால் குரோம் அப்டேட் ஆகவே இல்லை, 71-லேயே நின்றிருந்தது. அது 2018 டிசம்பரில் வந்தது. நான் எழுதிய நிரலில் ஒரு இடத்தில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறி இருந்தது. குரோமுக்கு அந்தக் குறி புரிய ஆரம்பித்தது 2020 பிப்ரவரியில், 80-ஆம் பதிப்பில்தான். பக்கத்தை இயக்கும் நிரலை எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதுதான் கொடுமை. ஃபைலில் புரியாத ஒரு குறி இருந்தாலும் பிரவுசர் ஃபைல் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். மொத்தப் பக்கத்தையும் அந்த ஃபைல்தான் வரைந்துகொண்டிருந்தது. அதனால் வெள்ளை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறு ஒன்று. வருகிறவர்களை எண்ணுகிற நிரலும் அதே ஃபைலுக்குள்தான் இருந்தது. மூணு நாளாகக் கதவைத் தட்டிய மனுஷன் என் ரிப்போர்ட்டில் ஒரு தடவைகூடப் பதிவாகவில்லை. "பழைய போனில் யாரும் வரவில்லை" என்று நான் நம்பியதற்கு ஆதாரமே, அவர்களை உள்ளே விடாத என் தப்புதான். உங்கள் பையன்கள் காட்டும் ரிப்போர்ட்டும் இப்படிப்பட்டதாக இருக்கலாம். முதலில் அதைக் கேள்.

யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் ஜகாரியாஸ் என்ற பொறியாளர் 2012-இல் எழுதிய ஒரு அனுபவம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வீடியோ பக்கம் 1.2 மெகாபைட் இருந்தது. அதை 98 கிலோபைட்டுக்குள் சுருக்கி, கொஞ்சம் பேருக்குத் திறந்துவிட்டார். பக்கம் திறக்கிற சராசரி நேரம் குறையும் என்று பார்த்தால், கூடிவிட்டது. குழம்பிப்போய், எந்தெந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியா, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று இணைப்பு மோசமான இடங்களிலிருந்து ஆட்கள் புதிதாக வந்துகொண்டிருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும். இப்போது இரண்டு நிமிஷத்தில் திறந்ததால் காத்திருந்து பார்த்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அவர்களும் கணக்கிலேயே இல்லை.

நமக்கு இது புதிதா சொல்லு. 2003-இல் பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டரில் நாம் இரண்டு பேரும் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது, தமிழ் சைட்டைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபான்ட் இறக்கணும். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் யூனிகோடு சரியாக வர சிடியைப் போட்டு, கன்ட்ரோல் பேனலில் ஒரு டிக் அடிக்கணும். ஆறு மிஷினுக்கும் நீதான் அந்த டிக்கை அடித்தாய். அடிக்காத சென்டருக்குப் போனவர்கள், தமிழ் இணையத்தில் வராது என்றே நினைத்துத் திரும்பிப் போயிருப்பார்கள். அப்புறம் உன் நோக்கியாவில் ஓபரா மினி பிரவுசரைப் போட்டு, முகவரி இடத்தில் ஓபரா கான்ஃபிக் என்று அடித்து, கடைசி வரியில் "எஸ்" போட்டோமே, ஞாபகம் இருக்கா? தமிழ் எழுத்தே தெரியாத போனுக்கு, எழுத்தை ஓபராவின் சர்வர் கம்ப்யூட்டரிலேயே படமாக வரைந்து அனுப்பினார்கள். ஏழைப் போனிடம் வேலை வாங்காமல் கனத்த வேலையை சர்வரே செய்தது. நான் இப்போது சைட் செய்கிற விதம் முழுக்க அந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது.

அதாவது, வருகிறவர் எதற்காக வருகிறாரோ அந்த ஒரு காரியம் பக்கத்தின் அடிப்படை மொழியான ஹெச்டிஎம்எல்லில் எழுதிய வெறும் ஃபாரமாக, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே முடிய வேண்டும். உங்களிடம் உதவித்தொகை கேட்கும் பிள்ளைக்கு அது விண்ணப்பம் அனுப்புவது. பக்கத்தை சர்வர் தயார் செய்து அனுப்பட்டும், பிள்ளை நிரப்பி பட்டனை அழுத்தட்டும், "கிடைத்தது, உன் எண் இது" என்று அடுத்த பக்கம் வரட்டும். இந்த ஃபாரம் நம் காலத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இலும் இப்படித்தான் வேலை செய்தது. இதற்கு மேல்தான் அழகும் வசதியும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தாலுகா தானாக வருவது, தப்பை அங்கேயே சிவப்பில் காட்டுவது எல்லாம் புதுப் போனுக்குக் கிடைக்கட்டும். கிடைக்காதவருக்குக் காரியம் நிற்கக் கூடாது.

அலங்காரத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதை எழுதும் சிஎஸ்எஸ் மொழி நல்ல பிள்ளை. புரியாத வரியை பிரவுசர் தாண்டிப் போய்விடும், மிச்சத்தைச் செய்யும். கட்டங்களை வரிசையாக அடுக்கும் கிரிட் வசதி எல்லா பெரிய பிரவுசருக்கும் வந்தது 2017-இல். அதற்கு முந்தையதில் கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வராமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். வரட்டுமே, போனில் எப்படியும் அப்படித்தானே வருகிறது.

உங்கள் பையன்களிடம் பேசும்போது ஆண்ட்ராய்டையும் குரோமையும் பிரித்துப் பேசு, இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் நிறைய. ஆண்ட்ராய்டில் பிரவுசர் தனி ஆப், போன் பழசானாலும் கொஞ்ச காலம் அப்டேட் வரும், அப்புறம் நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 5-க்குக் கடைசி குரோம் 95, ஆறுக்கு 106, ஏழுக்கு 119, எட்டுக்கும் ஒன்பதுக்கும் 138. விண்டோஸ் 7-இல் 109-ஓடு சரி. உங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் எந்த விண்டோஸ் ஓடுகிறது என்று போய்ப் பார், கிராமத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கிருந்துதான் விண்ணப்பம் போடுவார்கள். ஐபோனில் சஃபாரி பிரவுசர், போனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸோடு ஒட்டியே வரும். ஐபோன் 6, 12-ஆம் ஐஓஎஸ்ஸில் நின்றுவிட்டது. அதில் குரோம் போட்டுப் பாருங்கள் என்று சொல்லியும் பிரயோஜனம் இல்லை, நம் ஊரில் ஐபோன் குரோமுக்குள்ளும் பக்கத்தை வரைவது ஆப்பிளின் எஞ்சின்தான்.

ஜியோ போனை மறந்துவிடாதே. 2017-இல் வந்த பட்டன் போன். அதிலிருக்கும் காய்ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ் 48 எஞ்சின், ஸ்கிரீன் 240-க்கு 320. டச் கிடையாது, அம்புக்குறி பட்டனால்தான் நகர்த்தணும். உங்கள் ஃபாரத்தைக் கம்ப்யூட்டரில் மவுசைத் தொடாமல் டேப் கீயால் மட்டும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் நிரப்ப முடிகிறதா என்று பார்க்கச் சொல். முடிந்தால் முக்கால் கிணறு தாண்டியாச்சு. கண் தெரியாதவர்களுக்கும் அது உதவும்.

பையன்கள் "பிரவுசர்ஸ்லிஸ்ட்" என்று ஒன்றைச் சொல்வார்கள். எந்தெந்த பிரவுசருக்காக நிரலை மாற்றித் தர வேண்டும் என்று சொல்லும் ஒற்றை வரி அது. ஒன்றும் எழுதாமல் விட்டால், உலக அளவில் அரை சதவீதத்துக்கு மேல் புழங்குகிற பதிப்புகள், ஒவ்வொரு பிரவுசரின் கடைசி இரண்டு பதிப்புகள் என்று தானாக எடுத்துக்கொள்ளும். அந்த அரை சதவீதம் உலகத்தின் கணக்கு, பட்டுக்கோட்டைக் கணக்கு இல்லை. இப்போது "பேஸ்லைன்" என்றும் ஒன்று வந்திருக்கிறது. முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாசம் ஆன வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பார்கள். நல்ல அளவுகோல், நானும் பார்க்கிறேன். ஆனால் ஐந்து வருஷமாக அப்டேட் ஆகாத அப்பாவின் போனில் விண்ணப்பம் போடுகிற பிள்ளைக்கு 30 மாசம் போதாது.

பழசு என்று எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கவும் சொல்லவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்டே 2022 ஜூன் 15-இல் முழுக்குப் போட்டுவிட்டது. அதற்காக ஒரு மணி நேரம்கூட செலவழிக்க வேண்டாம். பாதுகாப்பில் ஒரு கோடு போட்டே ஆகணும். போகிற வருகிற தகவலைப் பூட்டும் டிஎல்எஸ் முறையின் பழைய 1.0, 1.1 பூட்டுகளைப் பெரிய பிரவுசர்கள் 2020-இலேயே விட்டுவிட்டன. பிள்ளைகளின் ஆதார் நம்பரும் பேங்க் கணக்கும் போகிற வழியில், யாரோ ஒருவரின் பத்து வருஷப் போனுக்காக அந்தப் பூட்டைத் திரும்ப மாட்டச் சொல்லாதே. சைட் உங்களுடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சர்டிஃபிகேட், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கொடுத்ததா என்றும் கேள். அவர்களின் சர்டிஃபிகேட்டைப் போன்கள் நம்புவதற்குச் சார்ந்திருந்த பழைய மூலச் சான்று 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுக்குப் புதிய மூலச் சான்றைத் தெரியாது. மாற்று ஏற்பாடு ஒன்றை வைத்து 2024 வரைக்கும் சமாளித்தார்கள், இப்போது அதுவும் இல்லை. அந்தப் போன்கள் பலவற்றில் குரோம் "பாதுகாப்பற்றது" என்று பயமுறுத்தும். ஃபயர்ஃபாக்ஸ் சான்றுகளின் பட்டியலைத் தன்னோடே வைத்திருக்கும், போனைக் கேட்காது. அதனால் ஃபயர்ஃபாக்ஸ் இறக்க முடிகிற போனுக்கு அதைச் சொல்லலாம்.

அதுவும் முடியாதவர்களுக்கு, நோட்டீஸிலேயே ஒரு போன் நம்பரைப் பெரிதாக அடித்துவிடு. காகித விண்ணப்பத்தையும் இந்த வருஷமே நிறுத்திவிடாதே. சைட்டில் மட்டும் அந்த நம்பரைப் போட்டால், சைட் திறக்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்று. பழைய போன் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்காதே. 2013-இல் பிரிட்டிஷ் அரசின் ஜிஓவி.யூகே சைட்டை நடத்தும் குழு எண்ணிப் பார்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யாமல் போனவர்கள் 1.1 சதவீதம். அதில் அதை நிறுத்தி வைத்தவர்களும் அந்த வசதியே இல்லாத பிரவுசர்காரர்களும் சேர்ந்து 0.2 சதவீதம்தான். மிச்சம் 0.9 சதவீதத்தினருக்கு வந்திருக்க வேண்டியது, வரவில்லை. இணைப்பு பாதியில் அறுந்தாலும் அப்படித்தான் ஆகும். பஸ்ஸில் போகிற பிள்ளைக்குப் புது போன் இருந்தாலும் சிக்னல் போகும். வெறும் ஃபாரம் அவளையும் காப்பாற்றும்.

முகாமுக்கு வந்த பெரியவருக்கு அன்றைக்கு நானே கையால் டோக்கன் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே பக்கத்தைத் திரும்ப எழுதினேன், இரண்டு நாள் வேலை. மேஜை டிராயரில் மூன்று பழைய போன் வைத்திருக்கிறேன். ஒன்று ஆண்ட்ராய்டு 6, ஒன்று என் மாமியாரின் ஜியோ போன், இன்னொன்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐபோன் 6. எந்த சைட்டையும் அந்த மூன்றிலும் திறந்து பார்க்காமல் இப்போது கொடுப்பதில்லை. பையன்கள் ஒரு சோதனை லிங்க் தயார் செய்ததும் எனக்கு அனுப்பு, மூன்றிலும் விண்ணப்பத்தை முழுசாக நிரப்பிப் பார்த்து, எங்கே மாட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்புகிறேன். நீயும் உங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டு, அவர் போனில் அவரையே நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார். நீ சொல்லிக் கொடுக்காதே, சும்மா பார்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல். தை பிறந்ததும் ஒரு நாள் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கல்லாத் தோழி