தரம் 10இல் கலைந்துபோகும் வாத்தியக் குழுக்களும் பீடப்பணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்ற காரணத்தைக் கூறி, தரம் 10இல் காலடி வைக்கும் பிள்ளைகளை, கத்தோலிக்க ஆலயத் திருப்பலியில் குருவானவருக்கு உதவும் பீடப்பணியிலிருந்தும் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவிலிருந்தும் ஒன்றாகவே விலக்கிவிடும் வழக்கம் மட்டக்களப்பில் வேரூன்றி வருகின்றது. இரண்டிலும் உயர்தரம் (தரம் 13) முடியும்வரை இருந்துவிட்டு அண்மையில் பாடசாலையை விட்டு வெளியேறியவன் என்ற வகையில், இவ்வழக்கத்தால் உண்மையில் எது அழிகின்றது என்பதைப் பெற்றோருக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் பங்குத்தந்தையருக்கும் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றேன். விலகும் பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்கு இல்லாமற் போகின்றது, அவ்வளவுதான் என்று பலரும் எண்ணுகின்றார்கள். அவனுக்குப் பின்னால் வரும் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமற் போவதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

பீடப்பணியாளன் செய்வதைத் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது மெழுகுதிரி பிடிப்பதும் மணி அடிப்பதுமாகவே தோன்றும். ஆனால் தூபக் கலசத்துக்கான கரியைத் திருப்பலி தொடங்குவதற்கு நன்கு முன்பாகவே மூட்டி, அது முழுவதும் சிவந்து மேலே மெல்லிய சாம்பல் படரும்வரை காத்திருக்க வேண்டும். அரைகுறையாகப் பற்றிய கரியில் சாம்பிராணியை இட்டால் தூபம் எழாது, கரியும் அணைந்துவிடும். சங்கிலியை எந்த இடத்தில் பிடித்தால் கலசம் அங்கியில் படாமல் நிற்கும், மூடியை எவ்வளவு உயர்த்தினால் குருவானவர் சாம்பிராணி இடுவதற்கு வசதியாக இருக்கும் என்பன எல்லாம் கை அறிந்துகொள்ள வேண்டியவை. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழனன்று ‘வானவர் கீதம்’ என்னும் புகழ்ப்பாடலின்போது ஒலிக்கும் மணிகள், உயிர்ப்பு விழாவின் முன்னிரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் அக்கீதம் மீண்டும் பாடப்படும்வரை ஒலிப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் மரத்தாலான தட்டுக்கருவியே பயன்படுகின்றது. அதை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் பங்குத்தந்தை அல்லர். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணாதான் பீடத்தின் பக்கத்தில் என் தோளைத் தொட்டுத் தொட்டு நேரம் காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தச் சடங்குகளை நான்கைந்து ஆண்டுகள் செய்தவனால் மட்டுமே தடுமாற்றமின்றி இன்னொருவனை நடத்திச்செல்ல முடியும். சிறுமிகளும் பீடப்பணி செய்யலாம் என்று வத்திக்கான் 1994இல் தெளிவுபடுத்தியதால் இப்பணியில் என் தங்கை வயதுப் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். நான் கண்ட அளவில் அவர்களை வீட்டார் இன்னும் முன்னதாகவே நிறுத்திவிடுகின்றார்கள்.

வாத்தியக் குழுவிலும் நிலைமை இதுவே. பல பாடசாலைகளில் மேலைத்தேய சங்கீத ஆசிரியர் இல்லை. இருக்கும் இடங்களிலும் ஓர் ஆசிரியர் குழல்களையும் மேளங்களையும் ஒருசேரப் பழக்குவது கடினம். எனவே ட்ரம்பெட் வாசிக்கும் மூத்த மாணவன் அடுத்தவனை ட்ரம்பெட்டுக்கு ஆயத்தம் செய்கின்றான், சைட் ட்ரம் அடிப்பவன் தன் கீழ் இருவரைப் பழக்குகின்றான். நான் தரம் 6இல் சேர்ந்தபோது கையில் கிடைத்தது இரண்டு குச்சிகளும் ஒரு மேசையும் மட்டுமே. மேசை விளிம்பில் வலது, இடது என்று அடித்து இரு கைகளின் ஓசையும் ஒன்றாகும்வரை மேளத்தைத் தொட விடமாட்டார்கள். பின்னர் ட்ரம்பெட்டுக்கு மாறியபோது, முதற் கிழமைகளில் மவுத்பீஸை மட்டும் தந்து உதட்டை அதிரவைக்கப் பழக்கினார்கள். ட்ரம்பெட்டில் இருப்பவை மூன்று வால்வுகள்தாம். ஒரே விரலமைப்பில் உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றித்தான் வெவ்வேறு சுரங்களை எழுப்ப வேண்டும் என்பதால், வாசிப்பவனின் முகத்தை அருகில் இருந்து பார்த்துத் திருத்த ஒருவர் வேண்டும். கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்ற சிறுவர்கள் கன்னத்தை உப்பவைத்து ஊதுவதையும், சிறிது நேரத்திலேயே உதடு களைத்து ஓய்ந்துவிடுவதையும் நான் பார்த்திருக்கின்றேன்.

கருவியைப் பேணுவதும் அப்படியே கைமாறி வரும் அறிவுதான். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊரின் உப்புக்காற்றில் பித்தளை விரைவாகக் களிம்பேறும். ஊதி முடித்ததும் குழலில் தேங்கும் நீரை வெளியேற்றி, துணியால் துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு தவணை விடுமுறை முழுவதும் கவனிக்காமல் விட்டால் வால்வு இறுகிக்கொள்ளும், பின்னர் அதைக் குறடு கொண்டு இழுத்துப் பழுதாக்குவார்கள். 2022ஆம் ஆண்டில் டொலரின் பெறுமதி 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியதும், வெளிநாட்டில் இருந்து வரும் இக்கருவிகளின் விலை சாதாரணப் பாடசாலைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அத்தகைய காலத்தில் இருப்பதைக் காப்பாற்றத் தெரிந்த மாணவர்களையே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம்.

இது ஊகமன்று என்பதற்குக் கொவிட் காலமே சாட்சி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக்கிடந்தன. எங்களைப் பழக்கிய மூத்தவர்கள் பரீட்சை எழுதிவிட்டு அப்படியே வெளியேறினார்கள். பாடசாலை வழமைக்குத் திரும்பியபோது என் வகுப்பில் எஞ்சியிருந்த சிலரையும், தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகின்றது என்று பெற்றோர் நிறுத்தினார்கள். அடுத்து வந்த இல்ல விளையாட்டுப் போட்டியில், ஒலிபெருக்கியில் ஒலித்த பதிவுசெய்த இசைக்கு மாணவர்கள் அணிநடை போட்டார்கள். அணிநடைக்கான வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 காலடி. உயிருள்ள குழுவானால் முன்வரிசைச் சிறுவர்கள் பின்தங்குவதைக் குழுவை வழிநடத்தும் ட்ரம் மேஜர் கண்டு கோலால் குறிப்புக் காட்ட, பேஸ் ட்ரம் அடிப்பவன் அவர்களின் இடது காலுக்கு அழுத்தம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வான். ஒலிபெருக்கி எவருக்காகவும் காத்திருக்கவில்லை. சிறிய பிள்ளைகள் கால் குழம்பி ஓடி ஓடிச் சேர்ந்ததை மைதானத்தில் இருந்த பெற்றோர் அனைவரும் பார்த்தார்கள். இவ்வாறு அறுந்த தொடர்ச்சியை மீண்டும் கட்டியெழுப்ப, எஞ்சி நின்ற எங்கள் சிலருக்குப் பாடசாலை வாழ்வின் மீதிக் காலம் முழுவதும் தேவைப்பட்டது. பெருந்தொற்று ஒருமுறை செய்த அந்தச் சேதத்தை நாங்களே ஆண்டுதோறும் விரும்பிச் செய்துகொண்டிருக்கின்றோம்.

மட்டக்களப்புக்கு இத்தகைய கற்கை புதியதன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் அவற்றைப் பழக்கும் அண்ணாவியார் வாயிலிருந்து கூத்துக் களரியில் நிற்கும் இளையவன் காலுக்கு வந்து சேர்ந்தவை. போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்கள் திருமண வீடுகளில் வயலினோடு ஆடும் கப்ரிஞ்ஞாவும் மூத்தவரைக் கேட்டும் பார்த்தும் இளையவர் ஏற்றுக்கொண்டதே. யாழிசையை ஆராய்ந்த சுவாமி விபுலாநந்தர், காரைதீவில் பிறந்து இந்நகரின் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். இசையைக் கல்விக்கு இடையூறாகப் பார்க்கும் மனப்பான்மை இந்த மண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நான் பலமுறை வியந்திருக்கின்றேன்.

ஆலயமும் பாடசாலையும் ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் இயங்கியவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி இந்நகருக்கு வந்து பாடசாலை தொடங்கினார். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி உருவானது. இரண்டாம் உலகப் போரை அடுத்து வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள், வகுப்பு முடிந்த பின்னரான மாலைப்பொழுதையும் கல்வியின் பகுதியாகவே கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயர் இன்றும் எங்கள் மைதானத்துக்கு இருக்கின்றது. 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி வரும் வழியில் காணாமற்போன யூஜின் ஹெபர்ட் அடிகளார் கூடைப்பந்து பழக்கிய மாணவர்கள் அவரை இப்போதும் நன்றியோடு பேசுகின்றார்கள். 1960, 1961ஆம் ஆண்டுகளில் சமய அமைப்புகள் அரச உதவியோடு நடத்திய பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னர் ஆலயத்தின் நாட்காட்டியும் பாடசாலையின் நாட்காட்டியும் தனித்தனி மேசைகளில் தயாராகத் தொடங்கின. அப்பொறுப்பேற்பால் ஏழைப் பிள்ளைகள் பெற்ற நன்மையை நான் மறுக்கவில்லை. இரண்டு மேசைகளையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லாமற் போனதையே குறிப்பிடுகின்றேன். அந்த இடைவெளிக்குள் பிரத்தியேக வகுப்புகள் நுழைந்தன. இன்று ஞாயிறு காலை திருப்பலி நேரத்தில் ஒரு வகுப்பு, மறைக்கல்வி நேரத்தில் இன்னொரு வகுப்பு, வார நாள் மாலையில் வாத்தியப் பயிற்சி நேரத்தில் மற்றுமொன்று என்று பிள்ளையின் கிழமை முழுவதும் நிரம்பிவிட்டது. இந்துப் பிள்ளைகளின் அறநெறி வகுப்பும் இதே ஞாயிறு காலையில் இதே நெருக்கடிக்கு உள்ளாகின்றது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்களும் உயிரிழந்தார்கள். அதன்பின் ஆலயங்களில் மீண்டும் திருப்பலி தொடங்கியபோது வாசலில் பைகளைச் சோதித்து உள்ளே விட்டார்கள். பிள்ளையை அனுப்ப அஞ்சுவதற்கு எல்லா நியாயமும் இருந்த அந்த நாட்களிலும், எங்கள் பங்கில் தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துவந்து, அங்கியை அணிவித்து, பீடத்துக்கு அனுப்பிவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அச்சத்தின் முன் விட்டுக்கொடுக்காத அதே பெற்றோர் ஒரு வகுப்பு அட்டவணைக்காக விட்டுக்கொடுப்பதே எனக்கு மிகவும் வருத்தம் தருகின்றது.

பெற்றோரின் கவலையை நான் இலேசாகக் கருதவில்லை. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். உயர்தரத்தில், பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணிக்கப்படும் இசட் புள்ளியின் ஒரு சிறு பின்னம்கூடப் பல்கலைக்கழக வாய்ப்பைத் தீர்மானிக்கின்றது. கூலி வேலை செய்தும் மீன்பிடித்தும் வகுப்புக் கட்டணம் கட்டும் தகப்பனிடம் பிள்ளை ட்ரம்பெட் ஊதட்டும் என்று சொல்வதற்கு எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் வாத்தியப் பயிற்சி எடுப்பது கிழமையில் இரண்டு மாலைகளை மட்டுமே. பீடப்பணி ஞாயிறு காலைத் திருப்பலிக்கு மேல் பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை. அந்நேரத்தை மீட்டு வகுப்பில் அமர்த்தப்பட்ட என் நண்பர்கள் அனைவரும் அதனால் கூடுதலாகச் சித்தியடைந்தார்கள் என்று நான் காணவில்லை. குழுவில் நின்றவர்களோ, பல தாள அடிகளை மௌனமாக எண்ணிக்கொண்டு காத்திருந்து தமக்குரிய இடத்தில் மட்டும் ஊதப் பழகியவர்கள்; பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் பதற்றமின்றி இருக்க அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் உதவியது. மேலும், தரம் 6 முதல் 9 வரை அழகியல் பாடம் கட்டாயமாக உள்ளது. சாதாரண தரத்தில் மேலைத்தேய சங்கீதத்தைப் பாடமாகத் தெரிவுசெய்யவும் இடம் உண்டு. வாசிக்கத் தெரிந்த மாணவனை அந்தத் தெரிவை எடுக்க ஊக்குவிப்பதற்குப் பதிலாக, அவனிடம் இருந்து கருவியைத் திருப்பி வாங்குவது கல்வி நோக்கிலும் பொருத்தமற்றது.

எனவே சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய கடைசித் தவணையில் மாணவருக்கு முழு ஓய்வு கொடுங்கள். அதற்கு முன்னர் விலக்காதீர்கள், பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பு தொடங்கும் வரையான நீண்ட இடைவெளியில் அவர்களை மீண்டும் அழைத்து இளையவர்களைப் பழக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அந்த மாதங்களில் அவர்களுக்கு நேரம் இருக்கின்றது, கையும் மறக்கவில்லை. ஞாயிறு முற்பகலில் சமய வகுப்புகளுக்கும் வழிபாட்டுக்கும் இடம்விட்டுப் பிரத்தியேக வகுப்புகளைப் பிற்பகலுக்கு மாற்றும்படி வலயக் கல்வி அலுவலகங்கள் வகுப்பு நடத்துவோரை அழைத்துப் பேச வேண்டும். அதிபர்களும் தவணை அட்டவணையைத் தயாரிக்கும்போது அருகிலுள்ள பங்கின் திருவிழா நாட்களை ஒருமுறை கேட்டறிந்தால், ஆயித்தியமலை மாதா திருத்தலத் திருவிழாவுக்கு நடைபயணமாகப் போகும் செப்டெம்பர் முற்பகுதியில் பயிற்சியை வைத்துவிட்டு வராதவர்களைத் தண்டிக்கும் நிலை ஏற்படாது.

வாத்தியங்கள் அறையில் பூட்டிக்கிடக்கும் பாடசாலைகள் மட்டக்களப்பு நகரத்துக்கு வெளியிலும் இருப்பதை நான் அறிவேன். என்னோடு வாசித்து வெளியேறியவர்களில் சிலர் இன்னமும் ஊரில்தான் இருக்கின்றோம். பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் இக்காலத்தில் சனிக்கிழமை மாலைகளில் வந்து ஊதியமின்றிக் கற்றுக்கொடுக்க ஆயத்தமாக உள்ளோம். எந்தப் பாடசாலை அதிபராவது பொறுப்பாசிரியர் ஒருவரை நியமித்து, வாத்திய அறையின் திறப்பை அவரிடம் கொடுத்தால், அடுத்த சனிக்கிழமையே தொடங்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன் ஒருவன்,
தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.