‘தெரியவில்லை’ என்று எழுதியவருக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

எங்கள் மகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. நேற்று எடுத்த எக்கோவிலும் (இதய ஸ்கேன்) இதயத் தமனிகளில் வீக்கம் எதுவும் இல்லை. ஆஸ்பிரினை நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி எங்கள் குழந்தை மருத்துவருக்கு. ஐந்து நாட்களாகக் காய்ச்சல் விடவில்லை. அதற்குள் ஓரிடத்தில் அம்மை என்றார்கள், இன்னோரிடத்தில் மருந்து ஒவ்வாமை என்றார்கள். நீங்கள்தான் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தீர்கள். பீளை இல்லாமல் சிவந்த கண்ணையும் வெடித்த உதட்டையும் வீங்கிய உள்ளங்கையையும் பார்த்துவிட்டு, “கவாசாகி நோயாக இருக்கலாம், இன்றே சேர்த்துவிடுங்கள்” என்றீர்கள். குழந்தைகளின் ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய் அது. மோட்டார் சைக்கிள் பெயராக இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

அது ஒரு மனிதரின் பெயர் என்பதை வார்டில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். தொமிசாகு கவாசாகி டோக்கியோவின் செஞ்சிலுவை மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர். 1961 ஜனவரியில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இதே அடையாளங்களோடு அவரிடம் வந்தான்; தேறியும்விட்டான். தெரிந்த நோய் எதனோடும் பொருந்தாததால், ‘நோய் இன்னதென்று தெரியவில்லை’ என்றே குறித்து அனுப்பினார். ஏதாவது ஒரு பெயரைப் போட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். மறு ஆண்டு இரண்டாவது குழந்தை வந்தபோது முதல் பையன் அவர் நினைவில் இருந்தான். 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி 44 பக்கக் கட்டுரை எழுதினார்.

அவரும் ஒன்றில் தவறினார். பின்விளைவு இல்லாத நோய் என்று முதலில் நம்பினார். இந்த நோய் வந்து இறந்துபோன ஒரு குழந்தையின் இதயத் தமனியில் ரத்தக்கட்டியைக் கண்டவர் நோய்க்கூறியல் மருத்துவர் நொபோரு தனாகா. 1970இல் ஜப்பான் முழுவதும் கணக்கெடுத்தபோது, இதயம் பாதித்துத் திடீரென்று இறந்த பத்துக் குழந்தைகள் தெரியவந்தார்கள். என் மகளுக்கு எக்கோ எடுத்தது அவர்களால்தான். அந்தப் பெற்றோருக்கு நன்றி என்று எப்படிச் சொல்வது?

இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கொடுத்தால் தமனி வீக்கம் குறைகிறது என்று 1984இல் காட்டிய கென்ஷி ஃபுரூஷோ குழுவினருக்கும் நன்றி. சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதய ரத்தக்குழாய் பாதிக்கும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் கொடுத்தால் அது இருபதில் ஒன்றாகக் குறைகிறது. எங்களுக்கு அது ஆறாம் நாள்.

அந்த மருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாராவது. கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்த ஆயிரம் பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. இரவு முழுவதும் உட்காராமல் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த செவிலியரைத் தெரியும். சகோதரி, அன்று கொடுத்த தேநீருக்கும் சேர்த்து நன்றி.

அண்ணி, மருந்தின் விலையைக் கேட்டு நாங்கள் திகைத்து நின்றபோது ஒன்றும் பேசாமல் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அடுத்த மாதம் மீட்டுவிடுகிறோம். விரல் நுனிகளில் உரிந்த தோல் போய்ப் புதுத்தோல் வந்துவிட்டது. அதை உங்களிடம் காட்ட வேண்டும் என்று உங்கள் செல்லம் காத்திருக்கிறாள்.