‘விருந்தினர் வரவில்லை’ என்ற பதிவைத் திருத்தி, ரூ.5,518 திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
முன்பதிவுச் சீட்டில் உள்ள பெயருக்கு உரியவர்,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
கோவில்பட்டி – 628501.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
தங்கும் அறை முன்பதிவுச் செயலி நிறுவனம்.

நாள்: 08.12.2025

பொருள்: மும்பை தாதரில் 20.11.2025 முதல் மூன்று இரவுக்குப் பணம் கட்டிய அறை மறுக்கப்பட்டது. வந்து நின்றவர்களை வரவில்லை என்று எழுதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டது – தொடர்பாக.

ஐயா / அம்மா,

நவம்பர் 27-ஆம் தேதி உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் பேரன் படித்துக் காட்டினான். விருந்தினர் விடுதிக்கு வரவில்லை, எனவே விதிப்படி பணம் திரும்பாது என்று இரண்டே வரி. இன்னொரு தடவை படிடா என்றேன். படித்தான். அதேதான்.

நான் முப்பத்திரண்டு வருடம் தபால் பட்டுவாடா செய்தவன். ஒரு தபாலைக் கொடுக்க முடியாமல் திரும்பக் கொண்டுவந்தால் அதன் மேல் காரணம் எழுத வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை, வாங்க மறுத்தார், இப்படி ஏதோ ஒன்று. கீழே தேதியும் சுருக்கொப்பமும் போட வேண்டும். தெருவுக்கே போகாமல் ‘ஆள் இல்லை’ என்று எழுதிய ஒரு சகாவை மேலதிகாரி என்ன பாடு படுத்தினார் என்று பக்கத்து மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் இரண்டு வரி பணத்தைவிட அதிகமாக என்னை உறுத்துகிறது. நாங்கள் வந்தோம். ஒரு மணி ஐம்பது நிமிஷம் அந்தக் கவுண்டர் முன்னால் நின்றோம்.

நடந்ததைச் சொல்கிறேன். மனைவியின் தங்கை மகளுக்கு 23-ஆம் தேதி மும்பையில் கல்யாணம். தங்கை வீடு தாராவியில். பத்துக்குப் பத்து அறை ஒன்று, மேலே ஏணி வைத்த பரண் ஒன்று, அதில் ஐந்து பேர். கல்யாண வீட்டில் நாங்கள் மூன்று பேர் பெட்டியோடு போய் நின்றால் அவர்கள் ராத்திரி எங்கே படுப்பார்கள்? ஆகவே அறை எடுப்பது என்று முடிவு செய்தோம். என் ஓய்வூதியத்துக்கு மும்பையில் அறை பார்ப்பது லேசான வேலை இல்லை என்பது ஒரு வாரம் தேடியபோதே தெரிந்தது. ரயில்வே ஓய்வறை நாங்கள் பார்த்தபோது காலியில்லை. மும்பை சென்ட்ரல் நிலையத்தில் 2021-இல் திறந்த பெட்டி அறைகளைப் பேரன் காட்டினான். ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் ஒன்றின் மேல் ஒன்று. முழங்கால் வலிக்காரியான என் மனைவியால் ஏறி இறங்க முடியாது. தாதரிலேயே காட்கே மகாராஜ் தர்மசாலை இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். அது டாடா மருத்துவமனைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் இடம். கல்யாணத்துக்குப் போகிறவன் அங்கே போய்ப் பாய் கேட்கலாமா?

அப்போதுதான் உங்கள் செயலியில் ‘குடும்ப அறை, மூன்று பேர், தாதர் நிலையத்திலிருந்து 400 மீட்டர், இரவுக்கு ரூ.1,640’ என்று வந்தது. நீலத் திரை போட்ட ஜன்னல் படம். ‘இந்த விலையில் கடைசி அறை, இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்’ என்று சிவப்பு எழுத்து. பயந்துபோய்க் கட்டிவிட்டோம். மூன்று இரவுக்கு ரூ.4,920, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ரூ.246, வசதிக் கட்டணம் ரூ.195. இதற்கு மேல் பயணக் காப்பீடு என்று ரூ.147, நன்கொடை என்று ரூ.10. கடைசி இரண்டையும் நாங்கள் கேட்கவில்லை. கட்டங்களில் முன்கூட்டியே டிக் விழுந்திருந்தது. ஆக ரூ.5,518.

பணம் போன பிறகுதான் கண்ணாடி போட்டுச் சீட்டைப் பார்த்தேன். பின்கோடு 400012 என்றிருந்தது. எங்கள் ஊரிலிருந்து மும்பை போனவர்கள் ஏராளம். 400017 தாராவி முத்திரையோடு வந்த மணியார்டர்களை வீடு வீடாகக் கொடுத்தவன் நான். மும்பை பின்கோடு கொஞ்சம் தெரியும். தாதர் கிழக்கு 400014, மேற்கு 400028. 400012 என்றால் பரேல், லால்பாக் பக்கம். அன்றைக்கே உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். “கவலை வேண்டாம் சார், நடக்கிற தூரம்தான்” என்றார் ஒரு பெண்.

20-ஆம் தேதி எங்கள் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். தாதரில் இறங்கும்போது இரவு 9:10. அந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது. ஆட்டோ எல்லாம் பாந்த்ரா, சயானோடு நின்றுவிடும். கறுப்பு மஞ்சள் டாக்ஸி பிடித்து, நடக்கிற தூரத்தை வண்டியில் கடந்து, 9:50-க்கு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார், இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி வராது. தாராவியில் இருக்கும் சகலையைப் போனில் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தேன். பேசி முடித்துச் சகலை சொன்னது இது: “அண்ணாச்சி, அந்தக் கம்பெனி இவனுக்கு மூணு மாசம் பாக்கியாம். கம்பெனி ரேட்டுக்கு ரூம் குடுக்க மாட்டானாம். மூவாயிரத்து நானூறு கையில குடுத்தா இப்பவே சாவி தாரேங்கான்.” நீங்கள் அவருக்குப் பாக்கி வைத்தீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் இருவர் வழக்கில் என் பெட்டியை ஏன் வாசலில் வைத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

விலையைக் கூட்டிச் சொன்னவர் அறையையும் காட்டினார். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் படத்தில் இருப்பது வேறு ஏதோ அறை. ஒரு பெரிய அறையைப் பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். தடுப்பின் உச்சியில் ஓட்டை போட்டு அதில் ஒரே ஒரு ஏ.சி.; பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ரிமோட் பக்கத்து அறைக்காரரிடமாம். அவர் இருமியது எங்கள் காதுக்குள் இருமியது மாதிரி இருந்தது. நீலத் திரை இருந்தது. விலக்கிப் பார்த்தால் பின்னால் வெறும் சுவர். பேரனுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

10:08-க்கு உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். தமிழுக்கு 4 என்றது. அழுத்தினால் பாட்டு. நாற்பத்தேழு நிமிஷம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், கைபேசியில் பதிவு இருக்கிறது. நடுவில் கவுண்டர்காரர் பொறுமை இழந்து, விடுதியின் விசிட்டிங் கார்டின் முதுகில் சிவப்புப் பேனாவால் ‘3400/-, 3 பேர், 10:25’ என்று எழுதி என் முன்னால் வைத்தார். யோசித்துச் சொல்லு என்ற அர்த்தம் போல. பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். என்ன தட்டினார் என்பது உங்கள் மின்னஞ்சல் வந்தபோதுதான் புரிந்தது. நாங்கள் வரவில்லை என்று விடுதி பதிந்த நேரம் இரவு 10:31 என்று அதில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். 10:25-க்கு எனக்கு விலை எழுதிக் கொடுத்தவர், ஆறே நிமிஷத்தில் நான் வரவே இல்லை என்று எழுதியிருக்கிறார். வராதவனுக்கு எதற்கு விலை சொன்னார் என்று நீங்கள் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

10:55-க்கு உங்கள் ஆள் ஒருவர் இணைப்பில் வந்தார். மன்னிப்பு கேட்டார், மரியாதையாகப் பேசினார், அதை மறுக்கவில்லை. அதே விலையில் மாற்று அறை தருவதாகச் சொன்னார். எங்கே என்றேன். நாலாசோப்ரா. சகலையிடம் கேட்டபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தாதரிலிருந்து விரார் லோக்கல் ஏறி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நடு ராத்திரி, மூன்று பெட்டி, தூங்கி விழும் பன்னிரண்டு வயதுப் பையன். வேண்டாம் என்றேன். அப்படியானால் டிக்கெட்டை முடித்துவிடட்டுமா என்று கேட்டார். எந்த டிக்கெட் என்று நான் விழித்தேன். புகாருக்குத்தான் அந்தப் பெயராம். இணைப்பு அறுந்தது. உடனே ஒரு குறுஞ்செய்தி: ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’

11:40-க்கு அங்கிருந்து கிளம்பித் தாராவிக்கே போனோம். என் மனைவியும் தங்கையும் ஒரு பாயில். பேரன் பரணில். சகலையும் அவர் மகனும் எனக்கு இடம் விட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் படுத்தார்கள். எது நடக்கக் கூடாது என்று மூன்று வாரம் முன்னாலேயே பணம் கட்டினேனோ அது நடந்தது. மறுநாள் மாட்டுங்கா பக்கம் ஒரு சாதாரண விடுதியில் இரவுக்கு ரூ.2,600 கொடுத்து இரண்டு இரவு தங்கினோம். சின்ன அறை, சொன்ன விலை, ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வந்தது.

இப்போது நான் கேட்பது. கட்டிய ரூ.5,518-ஐயும், அதில் காப்பீடும் நன்கொடையும் உட்பட, முழுவதும் திருப்பித் தர வேண்டும். மாட்டுங்கா அறைக்கு இரவுக்கு ரூ.960 வீதம் கூடுதலாகப் போன ரூ.1,920-ஐயும் தர வேண்டும். டாக்ஸிக் கூலியை விட்டுவிடுகிறேன், ரசீது இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், என் கணக்கில் ‘வரவில்லை’ என்று இருக்கும் பதிவை ‘வந்தார், அறை தரப்படவில்லை’ என்று திருத்தி, திருத்தியதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூப்பன் வேண்டாம். அடுத்த பயணத்தில் 20 சதவீதத் தள்ளுபடியும் வேண்டாம்.

சட்டம் எனக்குப் பேரனும், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவரும் சொல்லிக் கொடுத்தது. இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்குபவர் தானே தொடாமல் முன்கூட்டியே டிக் போட்டு ஒப்புதல் வாங்குவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. கேட்காததைக் கூடையில் சேர்ப்பதையும் ‘கடைசி அறை’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. நான் முதல் புகாரை அனுப்பியது நவம்பர் 24. டிசம்பர் 24-க்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். உங்கள் வக்கீலுக்கு அறை வேண்டுமென்றால் தூத்துக்குடியில் நல்ல விடுதிகள் இருக்கின்றன, விலையும் நியாயம்.

இணைப்பு: முன்பதிவுச் சீட்டு, ரயில் டிக்கெட், கைபேசி அழைப்புப் பட்டியல், கவுண்டரையும் அதன் மேல் மாட்டிய கடிகாரத்தையும் பேரன் எடுத்த இரண்டு படங்கள், சிவப்புப் பேனா எழுத்துள்ள விசிட்டிங் கார்டின் நகல் (அசல் என்னிடம் இருக்கிறது), மாட்டுங்கா விடுதி ரசீது.

இதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கிறேன். தாளில் வருவது ஸ்பீட் போஸ்ட். பழைய ரெஜிஸ்டர் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்துக்கு இதைக் கொண்டுவருகிற தபால்காரர், அங்கே யாரும் இல்லையென்று திரும்ப நேர்ந்தால் அதை உறை மேல் எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைத்துத்தான் எனக்குத் திருப்பி அனுப்புவார். அந்த உறையையும் பிரிக்காமல் ஆணையத்தில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
20.11.2025 இரவு 9:50-க்கு வந்து சேர்ந்த விருந்தினர்,
கோவில்பட்டி.