பீரோவில் இருக்கும் ஃபைல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "ஷிஃப்டுக்கு நேரமாச்சுப்பா" என்று வைத்துவிடுகிறாய். சாத்தூரில் இன்னும் மழை இல்லை. அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் வீட்டுவரி ரசீது தேடிப் பீரோவைத் திறந்தேன். உன் பி.இ. பட்டமும் எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும் ஃபைலில் அப்படியே இருந்தன. ப்ளஸ் டூ மார்க் ஷீட் மட்டும் இல்லை. நகல் எடுக்கக் கொண்டுபோயிருப்பாய், நான் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபேக்டரி லைன் வேலைக்குப் பட்டம் படித்தவர்கள் நிலைக்கமாட்டார்கள் என்று ஒதுக்குவதாகவும், பிள்ளைகள் படிப்பை மறைத்துச் சேர்வதாகவும் இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெறும் டீயோடு படுத்துவிடாதே, சாப்பிடு.

நம் தெருவில் முதல் பி.இ. நீதான். இன்றைக்கும் யாரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். கடன் தவணையும் ஒரு மாசம் தவறவில்லை. ஆனால் எங்களிடமாவது சொல்லியிருக்கலாம் பாப்பா.

1981-இல் டங்கன், ஹாஃப்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். வேலைக்குத் தேவையான படிப்பில் ஒரு வருஷம் கூடினால் சம்பளம் எவ்வளவு ஏறுகிறதோ, தேவைக்கு மேல் படித்த வருஷத்துக்கு ஏறக்குறைய அதில் பாதிதான் ஏறியது. படிப்பையே மறைத்தால் அந்தப் பாதியும் ஏது? பக்கத்தில் நிற்கும் ப்ளஸ் டூ பெண்ணுக்கு என்னவோ அதுதானே உனக்கும். நாலு வருஷம் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

முப்பது வருஷம் கரும்பலகையில் தேவையும் அளிப்பும் வரைந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். கவுன்சிலிங்கில் பொறியியல் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடந்ததைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் உன்னைச் சேர்த்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லார் வீட்டிலும் ஒரு இன்ஜினியர் இருந்தார்கள், எனக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது.

நீ நர்சிங் என்றாய். ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பத்தை நீயே நிரப்பினாய். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நான் சேர்க்கவில்லை பாப்பா. தேதி முடிந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ அழுதாய், நானே சமாதானமும் சொன்னேன். அந்தக் கவர் பள்ளிக்கூட மேஜை டிராயரில் நான் ஓய்வு பெறும்வரை கிடந்தது. அம்மாவுக்கும் தெரியாது.

நீ மறைத்ததை நான் எந்த வாயால் கேட்பேன்?

தீபாவளிக்கு லீவு கிடைக்காவிட்டால் சொல், நான் அங்கே வருகிறேன். ஹாஸ்டல் வாசலில் நின்று பேசினால்கூடப் போதும். ஃபைலைத் துடைத்துப் பீரோ மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் எடுத்துவருகிறேன், வேண்டாமென்றால் இங்கேயே இருக்கட்டும்.

சாப்பிட்டாயா என்று ஒரு வரி போடு.

அப்பா