மங்கலான படத்துக்கும் ஒரு எண்ணா?

ஆசிரியருக்கு,

உயிரோடு நிற்கும் மாட்டின் தசையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படத்திலிருந்து கணினியே அளந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள், சரி, ஆனால் அந்தப் படத்தை எப்படி எடுப்பது என்று ஒரு வரிகூட இல்லையே. 12ஆவது, 13ஆவது விலா எலும்புகளுக்கு நடுவே முடியைக் கத்தரித்து, எண்ணெய் தடவி, கருவியை அழுத்தாமல் பிடித்தால்தான் முதுகுத் தசையின் குறுக்குவெட்டு ஒழுங்காக விழும்; கொஞ்சம் அழுத்தினாலும் மேலிருக்கும் கொழுப்பு நசுங்கி மெலிதாகத் தெரியும், மாடு அசைந்தாலோ தசையின் ஓரமே மங்கிவிடும். படத்தில் தசையைச் சுற்றி வரையும் எல்லைக்கோடு ஆளுக்கு ஆள் மாறுவது மென்பொருளால் குறையும், மறுக்கவில்லை. ஆனால் மோசமான படத்தைப் பார்த்து ‘இது வேண்டாம், மறுபடி எடு’ என்று சொல்லத் தெரியாமல், அதற்கும் சதுர சென்டிமீட்டரில் ஒரு எண்ணைத் துப்பும் மென்பொருளை நம்பி, நல்ல தசையுள்ள கன்றுகளுக்காகப் பொலிகாளை தேர்ந்தெடுக்க நான் தயாரில்லை.

- ஒரு கால்நடை வளர்ப்பாளர்