விரல் படியாத அக்காவுக்கு

அக்கா,

போன வருடம் இதே வாரம்தான் வீடில்லாதவர்களுக்கான முகாம் நடந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போடுகிறோம். உங்கள் பேரன் போனில் இதைப் படித்துக் காட்டுவான் என்று நம்பி எழுதுகிறேன்.

முடிவெட்டும் நாற்காலி, சர்க்கரைப் பரிசோதனை, சாம்பார் சாதப் பொட்டலம் எல்லாம் மங்கிவிட்டன. ஆதார் மேசை மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. நாலு தடவை உங்கள் விரலை அந்தக் கண்ணாடியில் வைத்தோம். ஈரத்துணியால் துடைத்தேன், என் கைக்குள் பொத்திச் சூடேற்றினேன். மண்டபத்து அண்டாக்களைத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிப்போன நுனிகள். ஐந்தாவது தடவை, "ஒழுங்கா அழுத்துங்கக்கா" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டீர்கள்.

மன்னியுங்கள். மணி நாலாகிவிட்டது, பின்னால் முப்பது பேர், மிஷின்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். அதற்காகக் கத்தலாமா? கூடாது. விரல்ரேகை எடுக்க முடியாதவருக்குக் கருவிழி மட்டும் போதும் என்ற விதி அன்று எனக்குத் தெரியாது. மேசையில் இருந்த மற்றவருக்குத் தெரியுமா என்று இங்கே எழுதமாட்டேன், நண்பர்களும் படிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கணும். மறுநாள் வால்டாக்ஸ் சாலை முழுக்க, "போட்டோ எடுக்கத்தான் வந்தாளுங்க" என்று சொன்னீர்களாமே. என் போனில் உங்கள் படம் ஒன்றுகூட இல்லை அக்கா. மூன்று முறை தேடி வந்தேன். படுதாவுக்குப் பின்னால் இருந்துகொண்டே, "ஆயா இல்ல" என்று பேரனைச் சொல்லவைத்தீர்கள். உங்கள் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது.

சரி, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கண்ணைப் பதியும்போது நானே கூட நிற்கிறேன். அப்புறம் வாக்காளர் அட்டைக்குப் படிவம் 6 எழுதிவிடலாம். வீடில்லாதவரிடம் முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள். நீங்கள் அங்கேதான் படுக்கிறீர்களா என்று வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து பார்ப்பார். எந்த ராத்திரி என்று நமக்குத் தெரியாது. அதற்காகக் கூலியை விட்டுவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருந்தால், மண்டபத்துக்கு ஓடிவந்து கூப்பிட ஒரு ஆள் வேண்டும். நான் உங்கள் படுதா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விரட்டாதீர்கள்.