கயலின் கடையைப் பற்றி

கோவில்பட்டி,
ஐப்பசி, ஞாயிறு இரவு.

அன்புள்ள சாரதா,

நலம். நீயும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனி மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். பின் இரண்டு மாதத்துக்கு என்னிடம் காரணம் உண்டு: ஆவணிக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குக் காரணம் வேறு. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை தெரியாமல் உனக்கு ஆறுதல் வார்த்தை எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"கயல் சென்னை வேலையை விட்டுவிட்டுச் சிறுதானிய முறுக்குத் தொழில் தொடங்கப் போகிறாள். நான்கு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத பெண். தொழிலை வளர்க்கும் குணம் அவளிடம் இருக்கிறதா, மறைக்காமல் சொல்" என்று உன் மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். கை முறிந்திருக்காவிட்டால் இந்தக் கேள்விக்கு நான் தவறான பதிலைத்தான் எழுதியிருப்பேன். உழைப்பு வேண்டும், விடாப்பிடி வேண்டும், விடிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும் என்று என்னையே அளவுகோலாக வைத்து எழுதியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கடலைமிட்டாய் போடுகிறேன். கடலை வறுப்பதும், தோல் நீக்குவதும், தட்டில் கொட்டித் தேய்ப்பதும், வில்லை போடுவதும், பொட்டலம் கட்டுவதும் மற்றவர்கள் செய்வார்கள். பாகை இறக்கும் அந்தக் கடைசி நிமிடத்தில் மட்டும் கரண்டி என் கையில் இருக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்தால் கண்ணாடித் துண்டுபோல் உடைய வேண்டும். ஒரு நொடி முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். முத்துமாரி பதினொரு வருடமாக என் பக்கத்திலேயே நிற்கிறாள், ஆனால் அந்த நொடியில் நான் அவளிடம் கரண்டியைக் கொடுத்ததே இல்லை. கட்டுப் போட்ட முதல் வாரத்தில் மூன்று கொப்பரைப் பாகு வீணாயிற்று. நான்காம் நாள் அவள் அழுதுவிட்டாள். அவளுக்கு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வர நான் விடவில்லை என்பது அவள் அழுதபோதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்து, என் கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லிப் பார்த்தேன். நுரை பெரிய கொப்புளமாக வருவது எப்போது, சின்னதாக அடங்குவது எப்போது, கரண்டி கொப்பரையில் உரசும் சத்தம் எங்கே மாறுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. அவள் கற்றுக்கொள்ள நான்கு நாள் போதுமாயிருந்தது. மூன்றாம் வாரம் அவளே வந்து, "அக்கா, புது வெல்லத்துக்கும் பழைய வெல்லத்துக்கும் பதம் வேறே வேறேயா வருது, மூட்டை வந்த தேதியைச் சுவரில எழுதிப் போடுவோமா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை அது. 2020இல் நம் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். கரிசல் மண் கடலை, தேனி வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதில் எல்லாம் சொல்லியிருக்கிறது. என் வலது கை அதில் இல்லை. ஆனால் என் தொழிலை அந்தக் கையின் அளவுக்குமேல் வளரவிடாமல் நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

இன்னும் முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. அடுப்படியில் எனக்கு வேலை இல்லாமல் போனதால், கட்டுப் போட்ட கையோடு பேருந்தேறி எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று நம் சரக்கு போகும் கடைகளுக்குப் போய் உட்கார்ந்தேன். விற்க முயலவில்லை, கடைக்காரரோடு பேசிக்கொண்டு வாங்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளாத்திகுளத்தில் ஒரு கடையில் என் 200 கிராம் பொட்டலத்தைப் பிரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வில்லையாகக் காகிதத்தில் மடித்து விற்கிறார்கள். பிரித்த பொட்டலம் மழைக்காலத்தில் இரண்டு நாளில் நமத்துப்போகிறது. பிள்ளைகள் "இந்த மிட்டாய் சவசவன்னு இருக்கு" என்று சொல்லி வேறொன்றை வாங்குகிறார்கள். என் வியாபாரம் ஏன் ஐந்து வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்பதற்கான காரணம் அந்தக் கடையின் வாசலிலேயே இருந்திருக்கிறது. இப்போது ஒற்றை வில்லையாகச் சுற்றிக் கொடுக்கிறோம். விளைவு என்ன என்று சொல்ல இன்னும் நாள் ஆகவில்லை, ஆனால் அந்தக் கடைக்காரர் இரண்டு முறை திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

சாத்தூரிலிருந்து திரும்பும்போது சி.கே. ரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். கடலூர்க்காரர். தமிழ் வழியில் படித்தவர். படிப்பில் கெட்டிக்காரர் என்று பெயரெடுக்காமல், புறாவும் மீனும் வளர்த்துக்கொண்டிருந்த பையன். ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டச்செய்ய வேண்டும் என்று முதலில் நினைத்தவர் அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன். அண்ணன்மாரோடு தொழில் முறையில் ஒத்துப்போகாமல், 1983இல் 15,000 ரூபாயோடு வெளியே வந்து, தந்தையின் பெயரிலிருந்து எழுத்தெடுத்துச் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் கிராமத்துக்குப் போய்ப் பையன்களின் தலையை ஷாம்பூ போட்டு அலசி, கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பொட்டலமானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்து, வழக்கம் பிடித்த பிறகு சிக் பொட்டலத்துக்கு மட்டும் என்று மாற்றினார்கள். இதில் வாய்ச் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது, சொல். வாங்குகிறவள் எப்படி வாழ்கிறாள், அவள் முந்தானையில் எவ்வளவு முடிந்திருக்கிறாள் என்று போய்ப் பார்க்கும் பொறுமைதான் இருக்கிறது. ஆர்.ஜி. சந்திரமோகனும் அப்படித்தான். 1970இல் 13,000 ரூபாய் முதலில் ராயபுரத்தில் குச்சி ஐஸ் தொழில் தொடங்கியவர், சென்னையில் பெரிய பெயர்களோடு முட்டிக்கொண்டிராமல், அவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார்.

ஆகவே கயல் பேசமாட்டாள் என்பதை நீ ஒரு குறையாக எழுதியதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பேசித் தள்ளுகிறவர்களுக்கு எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழுவதில்லை. அவளுக்கு விழும். அவள் பதினொரு வயதில் கோடை விடுமுறைக்கு இங்கே வந்திருந்தாளே, அப்போது நடந்த ஒன்றை உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. கட்டி வைத்த பொட்டலங்களை விளையாட்டாக இன்னொரு தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அத்தை, இதெல்லாம் 195 கிராம்தான் இருக்கு" என்றாள். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாதே என்று அதட்டினேன். அவள் பதில் பேசவில்லை. ஒரு தாளில் இருபது பொட்டலத்தின் எடையையும் வரிசையாக எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் பொட்டலம் கட்டும் தராசுதான் பழுதாகியிருந்தது. அன்று மாலை அந்தச் சரக்கு முழுவதையும் பிரித்துக் கட்டினோம். அந்தத் தாளை இன்னும் கணக்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தன் கணக்கில் தனக்கே பொய் சொல்லாத ஒருத்தியைத் தொழிலில் பார்ப்பது எவ்வளவு அரிது என்று உனக்குத் தெரியாது. வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே சுருக்குப்பையில் கிடந்து, லாபம் என்று நினைத்து முதலைத் தின்று முடித்தவர்களை இந்த ஊரிலேயே எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

எனக்கு அவளைப் பற்றி ஒரு கவலை உண்டு. நீ கவலைப்படும் விஷயம் அல்ல அது. அவள் யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். அந்த வருடம் ஊருக்குத் திரும்பும்போது, தன்னைவிடப் பெரிய பையை யாரையும் தொடவிடாமல் ரயில் நிலையம் வரை தானே இழுத்துக்கொண்டு வந்தாள். அது எனக்கு அப்போது அழகாகப் பட்டது. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அது அப்படியே நான். மதுரையில் ஒரு பெரிய கடை எனக்கு ஏழு மாதம் பணம் தராமல் இழுத்தடித்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று கூச்சப்பட்டு, கடலை வாங்க வளையலை அடகு வைத்தேன். தனக்கு வரவேண்டியதைக் கோபமில்லாமல், தலை குனியாமல், தேதி சொல்லிக் கேட்பதும் ஒரு குணம்தான், சாரதா. அது எனக்கு ஐம்பது வயதுக்குமேல்தான் வந்தது. கயலுக்கு முப்பதுக்குள் வர வேண்டும்.

தெரியாததை அடுத்தவரிடம் போய்க் கேட்பதும் அதே குணத்தின் இன்னொரு பக்கம். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா வரை போய், தீப்பெட்டித் தொழிலை மாணவர்களைப்போல் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு ஊரில் தொழில் தொடங்கினார்கள், பிறகு மனக்கசப்பு இல்லாமல் பிரிந்து தனித்தனியே நடத்தினார்கள். அவர்கள் கொண்டுவந்த வித்தை சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி எத்தனை ஆயிரம் வீட்டில் அடுப்பெரிய வைத்தது! தெரியாது என்று சொல்லத் தயங்கியிருந்தால், தெரிந்ததைப் பூட்டி வைத்திருந்தால், இந்த வானம் பார்த்த பூமியில் அது நடந்திருக்குமா? நான் என் பாகுப் பதத்தைப் பதினொரு வருடம் பூட்டி வைத்திருந்ததை நினைத்து இந்த ஆறு வாரமும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அவளுக்காக நகையை விற்கலாமா என்று எழுதியிருக்கிறாய். விற்காதே. பத்துக் கிலோ மாவில் தொடங்கி, அதை விற்ற பணத்தில் இருபது கிலோ போடட்டும். உன் நகை கையில் இருந்தால் கடையில் போய் உட்கார்ந்து பார்க்கத் தோன்றாது, முதலில் இயந்திரம் வாங்கத்தான் தோன்றும். தவிர, விடுதியில் நீ நடத்திய எலுமிச்சை ஊறுகாய் வியாபாரத்தைப் பற்றி நான் இன்றுவரை கயலிடம் மூச்சுவிடவில்லை. நகையில் கை வைத்தால் அன்றைக்கே சொல்லிவிடுவேன், வார்டன் அம்மா வந்து நின்றது உட்பட.

அவளை இங்கே அனுப்பி வை. பத்து நாள் போதும். தேனி வெல்லம் வரும் வியாழன் வருகிறது, புது மூட்டை. முத்துமாரி பதம் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கட்டும். இந்த முறை நான் கற்றுக்கொடுக்கப்போவதில்லை, முத்துமாரிதான் கற்றுக்கொடுப்பாள். அவளிடமும் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாகப் பெருமை தாங்கவில்லை அவளுக்கு. கயலின் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். ரயில் நிலையத்துக்கு நானே வருவேன், பையின் ஒரு பிடியை எனக்குக் கொடுக்கச் சொல். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
கோமதி